ஏழாவது மருந்து

பழுப்பு நிறப் பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளே இருந்த வெள்ளை மாத்திரைகளைக் கைக்குட்டையில் கொட்டிக்கொண்டிருந்தாள் ஷைலஜா. பாட்டிலின் மேல் வைட்டமின் என்று இருந்தது. மாத்திரைகள் வைட்டமின் இல்லை. கூடத்தில் அப்பா குளிர்பெட்டிக்குள் இருந்தார். பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. கைக்குட்டையை இரண்டு முடிச்சாகப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். காலிப் பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளினாள்.

மணி பத்தரை. அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி ஹரிசங்கர் திருச்சியில் இறங்கி, காரில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். தஞ்சாவூர் தாண்டி மன்னார்குடிக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பந்தல் போட்டாகிவிட்டது. கணவர் அச்சுதன் மாலைக்கும் வண்டிக்கும் சொல்லிவிட்டார். தம்பி வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். ஹார்ட் அட்டாக் என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னாள்.

அப்பா ராமசுப்பிரமணியன் உள்ளூர்ப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த மருதையன் காலையிலேயே வந்து, பெட்டியின் கால்மாட்டில் நின்றவர் நின்றபடி இருந்தார். ஷைலஜா நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"போன வாரங்கூட அந்த நீல நாக்கை நீட்டச் சொன்னேம்மா. சார், தகட்டுல வெச்சுப் பாத்துடலாமா, செல்லு நல்லாத் தெரியும்னேன். மார்க் எவ்ளோ போடுவேன்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் போய், துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மா ஆனந்தம் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பின் அப்பா ஆறு மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் சேர்ந்துகொண்டே போயிற்று. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நரம்பு டாக்டர் என்று சொல்லித்தான் ஷைலஜா அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். மனநல மருத்துவர் என்றிருந்த வாசல் பலகையை அவர் படித்துவிட்டார். உள்ளே டாக்டரிடம் மரியாதையாகப் பேசினார். திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி, மாத்திரை அட்டையை வடவாற்றில் வீசினார். நாற்பது வருஷம் பாடம் நடத்தினவனைப் பைத்தியக்காரன் என்று எழுதித் தருகிறார்கள், பையன்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்றார். அதற்குப் பின் நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவள் அதே மாத்திரையை வாங்கி வந்து, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, அவருடைய வைட்டமின் பாட்டிலில் நிரப்பினாள். இட்லி சாப்பிட்டதும் வைட்டமின் ஒன்று போட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்போம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். இரண்டாம் மாதம் அவர் பேப்பரைப் பிரித்தார். மூன்றாம் மாதம் பால்காரரிடம் தண்ணீர் ஜாஸ்தி என்று சண்டை போட்டார். சமையலறையில் நின்று அதைக் கேட்டு அவள் அழுதாள். பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மாத்திரையும் ஆற்றுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தெப்பக்குளக்கரையில் நடந்துவிட்டு வருவதற்குள் பாட்டிலை நிரப்பி வைப்பாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. அச்சுதனுக்குக்கூடத் தெரியாது.

மனம் தெளிந்ததும் அப்பாவுக்கு வேறு கவலை வந்தது. பழைய மாணவர்கள் வழியில் வணக்கம் சொன்னால் பெயர் வரவில்லை. எங்கோ ஒரு வீடியோவில் மெத்திலீன் ப்ளூ ஞாபகசக்திக்கு நல்லது என்று பார்த்திருக்கிறார். அவருக்குப் பழக்கமான பொருள். வருஷா வருஷம் பையன்களின் கன்னத்துச் செல்லை எடுத்து அந்த நீலத்தைத்தான் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார். பள்ளி அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று மருதையன் கேட்டதற்கு அவரைக் கோபித்துக்கொண்டார். அது மீன்தொட்டிக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் ஆனது, அதில் என்னென்ன கலந்திருக்குமோ, உள்ளுக்குச் சாப்பிடுகிற தரம் வேறு என்றார். ஹரிசங்கரிடம் கேட்டார். அவன் முதலில் முடியாது என்றான். ஒரு மாதம் விடாமல் கேட்டபின், என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதி, பாட்டிலோடு அனுப்பினான்.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடம்பில் ஏதோ ஒரு நொதி குறைவாக இருந்தால் இந்த மருந்து ரத்த அணுக்களை உடைத்துவிடுமாம். அதற்குத் தஞ்சாவூரில் சோதனை செய்துகொண்டார். சிறுநீரகத்துக்கு ஒரு சோதனை. கடைசியாக, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். அரையாண்டுத் தேர்வுத் தாள்களை ஷைலஜா திருத்திக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மனச்சோர்வுக்குச் சாப்பிடற மாத்திரையோட இது சேரவே கூடாதாம். ரெண்டும் சேந்தா மூளையில ஒரு ரசாயனம் அளவு மீறி ஏறிடுமாம். உசிருக்கே ஆபத்துன்னு போட்டிருக்கான்."

அவள் சிவப்புப் பேனா நின்றது.

"நமக்கு அந்த வம்பு இல்ல. மொத்தம் ஆறுதான். விட்டுப்போனது ஏதாவது இருக்கா பாரு."

கோடு போட்டு, பெயர், அளவு, நேரம், எதற்கு என்று நான்கு கட்டமாக எழுதியிருந்தார். ஆறாவது வைட்டமின். அவள் அதைப் படித்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாணவனின் பதிலுக்குக் காத்திருப்பது போல.

"இல்லப்பா. சரியாத்தான் இருக்கு."

மறுநாள் தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வெளியூர் போயிருந்தார். பிறகு தேர்வு வேலை. அப்பா போட்டுக்கொள்வது தினம் ஐந்து சொட்டுதானே என்று இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறுநீர் பச்சையாகப் போகிறது என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வாரம் இருபது சொட்டு ஆக்கினார்.

முந்தாநாள் மாலை அவருக்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு கொதித்தது. கால்கள் தாமாக உதறிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அவர் சட்டைப் பையில் இருந்த அந்தப் பட்டியலை ஷைலஜா எடுத்துக் கொடுத்து, நீலச் சொட்டையும் சொன்னாள். இவ்வளவுதானா என்று டாக்டர் கேட்டார்.

"எங்க மாமனார் எதையும் விடமாட்டார் சார்," என்றார் அச்சுதன்.

அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, அச்சுதன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, டாக்டரை வராந்தாவில் நிறுத்தி அந்த மாத்திரையைச் சொன்னாள். அவர் உள்ளே ஓடினார். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

ஹரிசங்கர் ஒன்றரை மணிக்கு வந்தான். பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அழவில்லை. நேரம் ஆகிறது என்று யாரோ சொல்ல, பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசிக்கு வைத்தார்கள். முதலில் அவன் குனிந்தான். உதட்டை லேசாக விலக்கியபோது கீழ்ப்பல் ஈறு ஓரமெல்லாம் நீலமாக இருந்தது. அவன் கை அப்படியே நின்றது. விரல் இடுக்கில் அரிசி சிந்தியது.

அடுத்தது அவள். ஈர அரிசி அந்த நீலத்தின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. கை அவளை அறியாமல் இடுப்பு முடிச்சைத் தொட்டது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டபோதும் அவள் கைக்குட்டையை எடுக்கவில்லை. மாற்றுப் புடவையிலும் அதையே செருகினாள்.

ஐந்து மணிக்கு ஹரிசங்கர் அப்பாவின் மேசை முன்னால், ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தான். அவள் காபியைக் கொண்டுபோய் வைத்தாள். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். அப்பாவின் பட்டியல். அவரே படம் எடுத்து அனுப்பியது. கீழே, எல்லாம் பார்த்தாயிற்று, அக்காவும் பார்த்துவிட்டாள் என்று எழுதியிருந்தார்.

"காய்ச்சல், கால் உதறல்னு போன்ல கேட்டதிலேருந்து, வர்ற வழியெல்லாம் இதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்க்கா. அவர் இதை அனுப்பின அன்னைக்கே ஆறையும் ஒவ்வொண்ணா தேடிப் பாத்தேன். இப்பவும் பாத்தேன். எதுவுமே இடிக்கல." போனைக் குப்புற வைத்தான். "எங்க விட்டேன்னு தெரியல. ஆனா மருந்தை அனுப்பினவன் நான்தானே. ஒரு மாசம் முடியாதுன்னு சொன்னவன், இன்னொரு மாசம் சொல்லியிருக்கலாம்."

முற்றத்தில் கழுவிவிட்ட தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது.

"அம்ருதா பெரியவளாகி, தாத்தா எப்படிப் போனார்னு கேட்டா நானே சொல்லிக்கிறேன்," என்றான். அம்ருதா ஷைலஜாவின் மகள். மாமா வந்திருக்கிறார் என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

ஷைலஜா உள்ளே போனாள். ஆஸ்பத்திரிப் பையில் அந்தக் காகிதம் இருந்தது. நான்காக மடித்து, மடித்த இடத்தில் வேர்வை பட்டு எழுத்துக் கலங்கியிருந்தது. அதை மேசைக்கு எடுத்து வந்து, அப்பாவின் பேனாவைத் திறந்து, ஆறுக்குக் கீழே ஏழு என்று போட்டாள். பெயர் எழுதினாள். அளவு எழுதினாள். நேரம்: காலை, சாப்பிட்டபின். எதற்கு என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அதையும் எழுதினாள். கட்டத்துக்கு வெளியே இன்னும் இடம் இருந்தது. 'இரண்டு வருஷமாக. அப்பாவுக்குத் தெரியாது. நான் கொடுத்தது' என்று எழுதி, காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

அவன் படித்தான். முதல் வரியிலிருந்து படித்தான். ஏழாவதை இரண்டு முறை படித்தான்.

பிறகு கைக்குட்டையை எடுத்தான். குளித்ததில் நனைந்து இரண்டு முடிச்சும் இறுகிப் போயிருந்தன. உள்ளே மாத்திரைகள் கரைந்து துணி மாவு மாவாக இருந்தது. அவன் நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான். நான் அவிழ்க்கட்டுமா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. காபி ஆறி, மேலே ஆடை படர்ந்தது.