மதியத்துக்குள் பதினோரு தடவை

சனோபர் அக்கா வீட்டுச் சுவரின் இரண்டாம் அடுக்கை ஏற்றிக்கொண்டிருந்த அன்று, எங்கள் மேஸ்திரி நஜ்முதீன் மதியத்துக்குள் பதினோரு தடவை ஏணியில் இறங்கினார். எண்ணியவன் நான்தான்.

மண்சுவர் வேலையில் நடுவில் நிற்கக் கூடாது. என்னோடு வேலை செய்யும் ஹம்ரோ சேற்றில் வைக்கோல் போட்டு மிதித்து உருண்டை பிடிப்பான். நான் அதைத் தூக்கி மேலே எறிவேன். சுவர்மேல் நிற்கும் மேஸ்திரி அதைக் கையால் பிடித்து, போட்டு, மிதித்து, மண்வெட்டியால் பக்கவாட்டைச் சீவுவார். அவர் இறங்கிப் போய்விட்டால் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஏணிக்கும் ஒரு தட்டு பிலாவ் வைக்கச் சொல்லணும். நம்மளவிட அதுதான் ஜாஸ்தி உழைக்குது" என்றான் ஹம்ரோ.

மேஸ்திரி கால்சட்டை வாரை இறுக்கிக்கொண்டே கொல்லையிலிருந்து வந்தார். "முலாம்பழம்டா. நேத்து முழுப்பழத்தையும் தின்னுட்டேன்."

"நாங்களுந்தான் தின்னோம். நாங்க இங்கதானே நிக்கிறோம்?"

"அப்ப ஈரச் சேத்துல நின்னு நின்னு இடுப்புல குளிர் ஏறியிருக்கும்."

"வயசாயிருச்சுன்னு சொல்லுங்கண்ணே, ஒத்துக்கிறோம்."

"உன் மாமனாருக்கு வயசாச்சு. உருண்டையப் பிடிடா."

மேலே ஏறியதும் அவர் கேட்டது தேநீர். குடித்த கிண்ணம் காய்வதற்குள் இன்னொன்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பார். கோடை தொடங்கியதிலிருந்து இடைவாரில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருந்தார். நாங்கள் அதை உழைப்பு என்று நினைத்தோம். சனோபர் அக்கா இளகின மனசுக்காரி. "மனுஷன் இப்படி வத்திப்போயிட்டாரே" என்று தேநீர்க் கூஜாவில் ஒரு பிடி கற்கண்டைப் போட்டுக் கொடுத்தாள். வயிற்றுவலியா, சளியா, அசதியா, எங்கள் கோனிபோதோம் ஊர்ப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் கற்கண்டுத் தேநீர்தான். குடிக்கக் குடிக்க அவருக்குத் தாகம் கூடியது. தாகம் கூடக் கூட அவள் கற்கண்டைக் கூட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மேஸ்திரியும் மட்டும் நிழலில் படுத்திருந்தபோது, "மருத்துவ நிலையத்துல ஒரு தடவ காட்டிருவோமா?" என்றேன்.

"காட்டுனா என்ன சொல்லுவாங்க? உனக்கு ஒடம்பு சரியில்ல, கீழ நில்லும்பாங்க. பக்கத்துக் கிராமத்து மேஸ்திரிய அப்படித்தானே சொன்னாங்க. இப்ப அவன் சந்தையில வெங்காயம் விக்கிறான். ரஜப், இருபத்தாறு வருஷமா நான் சுவர் மேலதான் நிக்கிறேன். எனக்கு வெங்காயம் விக்கத் தெரியாது."

நான் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஆறு நாள் கழித்து, சுவர் காய்ந்ததும், மூன்றாம் அடுக்கு. அன்று காலையிலிருந்து மேஸ்திரி சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. தேநீர் வந்தபோது கையை நெஞ்சில் வைத்து வேண்டாம் என்றார். பத்து மணிவரை இரண்டே தடவைதான் இறங்கினார். கிண்டல் செய்ய ஒன்றும் இல்லாமல் போனதில் ஹம்ரோவுக்கு வருத்தம்.

குடிக்காவிட்டால் இறங்க வேண்டியதில்லை என்ற மேஸ்திரியின் கணக்கு எனக்குப் புரிந்தபோது உருண்டை என் கையை விட்டுப் போயிருந்தது. அவர் கை நீட்டவில்லை. அது அவர் முழங்காலில் பட்டுச் சிதறியது. அவர் மெதுவாகச் சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரஜப், உன் மூஞ்சி ரெண்டாத் தெரியுதுடா."

"அந்த ஒண்ணையே பாக்கச் சகிக்கல" என்று ஹம்ரோ சொன்னான். ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினோம். சனோபர் அக்கா கற்கண்டுத் தேநீரோடு ஓடி வந்தாள். அதைக் குடித்தால் அவருக்குத் தாகம் கூடுவதைப் பார்த்திருந்த நான், அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தண்ணீரைக் கொடுத்து, அவள் மருமகன் காரில் அவரை ஏற்றினேன்.

மருத்துவ நிலையத்தில் முஹய்யோ டாக்டரம்மா நிதானமாகக் கேட்டாள். எத்தனை நாளாக? ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? எரிச்சல், காய்ச்சல் உண்டா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? இளைத்தாரா?

"முலாம்பழந்தாங்க காரணம்" என்றார் மேஸ்திரி.

"இருக்கலாம். ஜாஸ்தி தேநீர் குடிச்சாலும் போகும். சிறுநீர்ப் பாதையில கிருமி இருந்தாலும் போகும். இந்த வயசு ஆம்பளைங்களுக்கு உள்ள இருக்கிற சுரப்பி வீங்குனாலும் அடிக்கடி வரும். சில மாத்திரையும் அடிக்கடி போக வைக்கும். பாக்காம நான் எப்படிச் சொல்ல? விரலக் குடுங்கண்ணே."

ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து, கையடக்கக் கருவியில் வைத்தாள். பதினெட்டு என்று காட்டியது. எங்கள் ஊர்க் கருவியின் கணக்கு அது; வேறு சில ஊர்களில் இதையே முந்நூற்றுச் சொச்சம் என்பார்களாம்.

"பதினொண்ணத் தாண்டுனாலே எங்களுக்கு யோசனை. இது சர்க்கரை மாதிரிதான் இருக்கு. ரத்தத்துல கூடுன சர்க்கரை சிறுநீரோட தண்ணியையும் இழுத்துட்டுப் போகுது, அதான் தாகம். நீங்க தண்ணியவும் நிறுத்திட்டீங்க. இப்பவே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவள் எழுதிய சீட்டை மேஸ்திரி கண்ணுக்கு அருகிலும் தூரத்திலும் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு எழுத்து நாற்பது வயதைத் தொடும்போதுதான் வந்தது. நான் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன்.

"நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு தடவ போயிட்டு வந்துருவேன்டா" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அங்கும் சர்க்கரைதான் என்று உறுதியானது. டாக்டர் மாத்திரை, சாப்பாடு, கால் பராமரிப்பு என்று நிறையச் சொன்னார். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சுவர் மேல நிக்கலாமா?"

"இப்ப வேண்டாம். ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க. பாத்துட்டுச் சொல்றேன். தாகம் எடுத்தா தண்ணி குடிங்க, அத மட்டும் நிறுத்தாதீங்க."

அந்த இரண்டு வாரம் நான்தான் மேலே. மூன்றாம் அடுக்கின் மிச்சத்தையும் நான்காம் அடுக்கையும் நான் ஏற்றினேன். மேஸ்திரி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை வறுத்தெடுத்தார்.

"சுவருக்கு வயிறு தள்ளுது பாரு. சுவர் கட்டுறியா, உன்ன மாதிரியே ஒண்ணு செய்யுறியா?"

சனோபர் அக்காவுக்கு வேறு ஒரு குறை. "என் கற்கண்டா அவருக்கு நோய் குடுத்துச்சு?" என்று எல்லோரிடமும் கேட்டாள்.

"நோய் அதுக்கு முந்தியே இருந்துச்சுக்கா. கற்கண்டு அதுக்கு விருந்து வச்சுச்சு" என்றான் ஹம்ரோ. அவள் துடைப்பத்தை எடுத்தாள். அவன் சேற்றுக்குள் ஓடினான்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டர் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. மயக்கம் இல்லாதவரை மேலே நிற்கலாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். மறுநாள் ஐந்தாம் அடுக்குக்கு மேஸ்திரி ஏணியில் ஏறினார். ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றிப் பார்த்துப் பார்த்து ஏறினார்.

சனோபர் அக்கா வெறும் பச்சைத் தேநீர் அனுப்பினாள். மேஸ்திரி ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "வேப்பங்காய் மாதிரி இருக்கு. இன்னொரு கிண்ணம் ஊத்து."

மதியத்துக்குள் ஒரே ஒரு தடவை இறங்கினார். நானும் ஹம்ரோவும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு அவரையே பார்த்தோம்.

"என்னடா பாக்குறீங்க? தேநீர் குடிச்சா மனுஷன் போகத்தான் செய்வான்" என்றபடி கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து மேலே ஏறியவர் உருண்டை கேட்கவில்லை. மண்வெட்டியை வாங்கி, எட்டிக் குனிந்து, நான் ஏற்றிய நான்காம் அடுக்கின் வயிற்றைச் சீவத் தொடங்கினார். மண் என் தலையில் கொட்டியது. நான் நகரவில்லை.