நானூறு பைகளும் ஒரு புள்ளியும்

காலை ஆறு மணிக்கெல்லாம் கனகசிங்கம் ரப்பர் கட்டையைப் பிடித்துவிட்டான். செட்டிபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து, கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் சோற்றுப் பொதியைக்கூட அவிழ்த்துக் காட்டிவிட்டு வந்த களைப்பு, புளியந்தீவு அச்சுக்கூடத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. சட்டத்தில் இறுக்கிய நைலோன் திரையின் ஒரு தலைப்பில் மையை ஊற்றி, கட்டையை அழுத்தி நெஞ்சுவரை இழுத்துத் திரையைத் தூக்க வேண்டும். அடியிலிருக்கும் துணிப்பையில் எழுத்து விழுந்திருக்கும். ஒரு பைக்கு ஓர் இழுப்பு. இன்றைக்கு நானூறு பை. நூற்றைத் தாண்டும்போது தோள்பட்டை கழன்று தனியாக வேலை செய்வது போலிருந்தது.

முகைதீன்பாவா வெறும் பையைச் சுருக்கமில்லாமல் மேசையில் விரிப்பார். ஸஹீதா அச்சு விழுந்த பையை இரண்டு விரலால் தூக்கி, சரி பிழை பார்த்துக் கொடியில் போடுவாள். கடல் அவள் வாப்பாவைக் கொண்டுபோன பிறகு, காத்தான்குடியில் ஐந்து வயிறு அந்த இரண்டு விரலை நம்பித்தான் இருந்தது.

கடல் வந்துபோன பிறகு மட்டக்களப்பில் வீடுகளைவிடப் பதாகைகள் வேகமாக எழும்பின. தொண்டு நிறுவனங்கள் தொப்பி, குடை, கோப்பை, பை என்று எதிலெல்லாம் எழுத்து ஒட்டுமோ அதிலெல்லாம் தங்கள் கருணையை அச்சடித்தன. இந்த நானூறும் நாளைய கருத்தரங்கில் அதிகாரிகள் தோளில் மாட்ட வேண்டியவை. வாசகம்: ‘எல்லோருக்கும் கல்வி’.

அறையின் இரண்டு சன்னல்களுக்கும் ஆணி அடித்திருந்தது. கேட்டால், நாட்டு நிலைமை. போன மாதம் சம்பளம் குறைந்தது. அதுவும் நாட்டு நிலைமை. தேத்தண்ணியில் சீனி குறைந்ததும் அப்படியே. முதலாளி விநாயகமூர்த்தி அளவுக்கு யுத்தத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட தளபதி இரண்டு பக்கத்திலும் கிடையாது. முதலாளி என்றால் அவருக்குப் பிடிக்காது. மனேஜிங் டைரக்டர் என்று சொல்ல வேண்டும். அவர் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையில் அவருடைய படமும், அதன் கீழே ‘தரமே எங்கள் மூச்சு’ என்ற வாசகமும் இருந்தன. மை நெடியில் கண் எரிய நின்றவர்களுக்குத் தட்டுப்பாடாக இருந்ததும் அந்த மூச்சுத்தான்.

“அண்ணன், மை அடைக்கிற மாதிரிக் கிடக்கு. திரையை ஒருக்கா துடைங்களன்” என்றாள் ஸஹீதா, முழங்கையால் கண்ணைத் தேய்த்தபடி. நூறாவது பை அப்போதுதான் முடிந்திருந்தது.

“என்னத்தால துடைக்கிற? தின்னர் டின் பூட்டின அலுமாரிக்குள்ள. திறப்பு முதலாளிட இடுப்பில.”

ஐம்பது இழுப்புக்கு ஒருமுறை துடைப்பதுதான் வழக்கம். இல்லாவிட்டால் புழுக்கத்தில் மை காய்ந்து திரையின் கண்களை அடைக்கும். சின்னக் கண்கள்தான் முதலில் போகும். போன கிழமை டைரக்டர், நானூற்றுக்கு ஒருமுறை போதும் என்று விஞ்ஞானத்தைத் திருத்தியிருந்தார்.

பத்து மணிக்கு அவர் வந்தார். கொடியிலிருந்து ஒரு பையை எடுத்து, கைகளை நீட்டிப் பிடித்து, “எல்லோருக்கும்…” என்று மேடைக் குரலில் தொடங்கி, “…கலவி” என்று முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

“அஸ்தஃபிருல்லாஹ்” என்று முகைதீன்பாவா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஒரு லகரத்தின் தலையில் புள்ளி இல்லை. மற்றப் புள்ளிகளெல்லாம் பத்திரமாக இருந்தன. மைக்கும் குறும்பு உண்டு போலும். இருநூறு பைகளுக்கு மேல் அதே கதி.

“ஆர் இதைப் பார்த்துப் போட்ட?”

“நான்தான் முதலாளி” என்றாள் ஸஹீதா.

“நாளையில இருந்து நீ வர வேணாம்.”

பிறகு கனகசிங்கத்தை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். “இஞ்ச பார், நீ நம்மட ஆள். அந்தப் பிள்ளை கவனிக்காம விட்டதால வந்த பிழை எண்டு ஒரு துண்டு எழுதித் தா. நிறுவனத்துக்காரனுக்குக் காட்ட வேணும். அவக்கென்ன, அவட ஊரில தறி கிடக்கு, போய் நெய்யட்டும்.”

ஐந்து வருசமாக ‘டேய்’ ஆக இருந்தவன் இன்றைக்கு ‘நம்மட ஆள்’ ஆகிவிட்டான். சம்பளத்தை வெட்டிய அன்று இந்த உறவு எங்கே படுத்திருந்ததோ! கனகசிங்கம் பேனையை வாங்கினான். எழுதினால் வேலை தங்கும். இந்தக் காலத்தில் வேலை அட்டை இல்லாதவன் பாலம் தாண்டுவது லேசில்லை. நூறாவது பையில் அவள் சொன்னதும், தான் கேட்டும் இழுத்ததும் நெஞ்சில் முள்ளாகக் குத்தின. பேனையோடு மேசைக்குத் திரும்பி வந்தான்.

“எழுதலாம் முதலாளி. ஆனா முழுக்க எழுதுவன். தின்னர் ஆர்ட அலுமாரியில கிடந்த, சன்னலுக்கு ஆணி அடிச்ச ஆர், எல்லாம் வரும்.”

“நாட்டு நிலைமை தெரியாதா உனக்கு?”

“நாட்டு நிலைமையா புள்ளியை அடைச்ச?”

“வெளியில நூறு பேர் வேலைக்கு நிக்கான்!”

“கூப்பிடுங்க. இருட்டுக்குள்ள கண்ணெரிய இழுத்துக் காட்டட்டும்.” பேனையை மேசையில் வைத்தான். “இழுத்த கை என்ட. அவ போனா நானும் போறன்.”

“விரிச்ச கை என்ட” என்று பாவா சுவரிலிருந்து திரும்பினார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஸஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “சன்னல் ஆணியைக் கழட்டுங்க, டின்னை வெளியில வைங்க. அதுக்குப் பிறகு ஒரு புள்ளி தவறினா நானே போறன் முதலாளி. அதுவரைக்கும் போக மாட்டன்.”

“நாளைக்குக் கருத்தரங்கடா!” என்று டைரக்டர் கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டது.

மூவரும் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே கட்டை ஒருமுறை கரகரத்தது. தொடர்ந்து ஒரு தூஷண வார்த்தை.

“டைரக்டர் இழுத்துப் பார்க்கார்” என்றார் பாவா.

யாரும் சிரிக்கவில்லை. அரை மணி போயிற்று. கதவு திறக்கவில்லை. நாளைக்குப் பாலத்தில் எந்த அட்டையைக் காட்டுவது என்று கனகசிங்கம் யோசித்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேல்மாடியில், கோப்பைகளுக்குச் சூட்டில் படம் ஏற்றும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. மாடிப்படியில் காலடிச் சத்தம். முன்னால் அந்த இயந்திரத்தில் நிற்கும் மங்கையற்கரசி, கையில் சூட்டுக் கொப்புளங்களோடு. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

“நீங்க என்னத்துக்கு அக்கா இறங்கின?” என்றாள் ஸஹீதா.

“ஏன் பிள்ளை, மேல எங்களுக்கு மட்டும் சன்னல் திறந்தா கிடக்கு? தள்ளி இருங்க.”

மூன்று பேர் உட்காரக்கூடிய படி அது. ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.