யாராவது ஒருவர் படுத்திருக்க வேண்டும்

சங்கிலிப்பாண்டி காலையிலிருந்து மாத்திரை போடவில்லை என்று அவர் மனைவி சீனியம்மாள் வாசலிலேயே சொன்னாள். விஷ்ணுப்ரியா உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலி இல்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்களில் இருந்தது.

"மாத்திரை போட்டா நாக்கு குழறுது, டீச்சரம்மா," என்றார். "சம்பந்தகாரங்க முன்னால குழறினா, குடிச்சிருக்கான்னுல்ல நினைப்பாங்க."

"குடிகாரன்னு நினைச்சாக்கூடப் பரவாயில்ல," என்றாள் சீனியம்மாள். "அதுக்கு எவளும் பொண்ணு வேண்டாங்க மாட்டா."

அவர் சிரிக்க முயன்று, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

விஷ்ணுப்ரியா டீச்சர் இல்லை, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் எழுத்தர். அதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. ஊழியர்கள் மாதத்தில் ஒரு நாளாவது தங்கள் வட்டாரத்து மக்களுக்காகச் செலவிட வேண்டும் என்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. கட்டாயமில்லை என்றும் அதில் இருந்தது. ஆனால் போகாதவர்களிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் காரணம் கேட்டார்கள். அவள் இதே மட்டாஞ்சேரிக்காரி, தமிழ் பேசுகிறவள். பிரிவுத் தலைவர் ரமேஷ்பாபு அவளை இங்குள்ள பாலியேட்டிவ் குழுவில் சேர்த்துவிட்டார். இனி சிகிச்சையில்லை என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டவர்களின் வீட்டுக்குப் போய், வலியைக் குறைத்து, கூட உட்கார்ந்திருக்கும் குழு அது. நர்ஸ் தன்யாதான் அவளை முதலில் இந்த வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

சங்கிலிப்பாண்டி சந்தையில் வெங்காய மூட்டை தூக்கியவர். வயிற்றில் புற்று. அது அவருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் தெரியும். தெருவுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லியிருந்தார்கள். குழுவின் பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அந்தப் பச்சை ஒரு வாசலில் நின்றால் பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் குறைந்துவிடும்.

இன்று மகள் அமுதவள்ளிக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை கலூரில் ஒரு ஹோட்டலில் சமையற்காரன். வீடு வைப்பின் தீவில். அவன் தாய் வீரலட்சுமி இதற்கு முன் ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் தகப்பன் பிழைக்க மாட்டான் என்று கேள்விப்பட்ட அன்றே முறித்தவள். சாவு விழப்போகிற வீட்டில் பெண்ணெடுத்தால் அது கூடவே வரும் என்று சொன்னாளாம். அமுதவள்ளியே அதைச் சொல்லி அழுதிருந்தாள்.

அவர்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வீரலட்சுமி நேராகச் சங்கிலிப்பாண்டிக்கு எதிரே அமர்ந்துகொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, இப்பிடி வத்திப் போயிட்டீக?"

"சர்க்கரை, தாயி. சோத்தைக் கண்ணுல காட்ட மாட்டேங்கா உங்க மதினி."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் விஷ்ணுப்ரியாவின் போன் அதிர்ந்தது. அவள் சந்துக்கு வந்து எடுத்தாள். ரமேஷ்பாபு இடப்பள்ளியில் வளர்ந்த தமிழர். சந்தோஷம் வந்தால் அவர் பேச்சில் மலையாளம் கூடிவிடும்.

"விஷ்ணுப்ரியா, ஒரு சர்ப்ரைஸ் கேட்டோ! இந்த மாசத்தோட நல்ல தொண்டர் நீதான். ரெஜிஸ்ட்ரார் சாரே நேர்ல வரார், உன் பேஷண்டைக் காணறதுக்கு. பஸ் நெறைய நம்ம ஆட்கள். எல்லாரும் பச்சை மேலங்கி. பேனர் உண்டு. தோப்பும்படி ஜங்ஷன் தாண்டியாச்சு."

"சார், இன்னிக்கு வேண்டாம். அவருக்குத் தீரே சுகமில்லை."

"சுகமில்லாத ஆளைக் காணத்தானே வரோம்?"

"சார், ப்ளீஸ்..."

"நீ ஒண்ணும் ஏற்பாடு செய்ய வேண்டாம். யாராவது ஒருத்தர் படுத்திருக்கணும், அவ்வளவே உள்ளு. சார் ஒரு பழக்கூடை குடுப்பார், ஒரு ஃபோட்டோ. பின்னே மத்த ஊழியர்களுக்கும் ஒரு உத்சாகம் வரும்."

போன் நின்றுவிட்டது. உள்ளே வீரலட்சுமி பூத்தட்டை எடுக்காமல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் சங்கிலிப்பாண்டியின் கால் தெரிந்தது. பெருவிரல் தரையை அழுத்தி அழுத்தி வெளுத்திருந்தது. இந்தச் சந்தில் பஸ் நுழையாது. இறங்கி, பேனரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வருவார்கள். ஒவ்வொரு கதவாகத் திறக்கும்.

அவள் தன்யாவுக்கு போன் செய்தாள்.

"நான் பஸ்ஸிலாக்கும் சேச்சி," தன்யாவின் குரல் தணிந்திருந்தது. "வழி காட்டணும்னு பிடிச்சுக் கேத்திட்டா. நான் எந்து செய்யும்?"

"எங்காத்துக்குக் கூட்டிண்டு வா."

"அங்கே யாரு பேஷண்ட்?"

விஷ்ணுப்ரியா அதற்குள் தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். பஸ்ஸுக்குள் யாரோ பாடுவது கேட்டது.

"செரி," என்றாள் தன்யா.

இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. அவள் ஓடி வந்தபோது அப்பா வெங்கிடேஸ்வரன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

"அப்பா, கட்டில்ல படுத்துக்கோங்கோ."

"எந்துக்குடி?"

"அப்பறம் சொல்றேன். ஆபீஸ்காரா வரா. என்னோட அப்பான்னு அவாளுக்குத் தெரியக்கூடாது. ஆரு என்ன கேட்டாலும் பேச வேண்டாம்."

"நாடகமா? எனக்கு ஒரு வசனம்கூட இல்லையா?" என்று சிரித்தார். ஆனால் எழுந்து போய்ப் படுத்தார். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அவள் சுவரிலிருந்த தன் பட்டமளிப்புப் படத்தை இறக்கி அலமாரிக்குள் வைத்தாள். போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள். பாதங்கள் வெளியே நின்றன. அவற்றையும் மூடப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணாடி இல்லாத முகத்தில் கண்கள் உள்ளே போயிருந்தன. அவள் நின்ற இடத்துக்குச் சற்று அப்பால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் பேச்சும் சிரிப்புமாக வந்தார்கள். வாசற்படியில் கால் வைத்ததும் எல்லாக் குரல்களும் ஒரே சமயத்தில் அடங்கின. அறை பச்சையாக நிறைந்தது.

"இதாணு சார் நம்ம பேஷண்ட்," என்று ரமேஷ்பாபு ரெஜிஸ்ட்ராரிடம் மெல்லச் சொன்னார். "ஆஸ்பத்திரி கைவிட்டாச்சு. கடைசி நாட்கள்ல வேதனை இல்லாம பாத்துக்கறது நம்ம விஷ்ணுப்ரியா."

அப்பாவின் கண்கள் அவளைத் தேடின. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

தன்யா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பிடித்தாள். சங்கிலிப்பாண்டியிடம் கேட்கும் அதே குரலில், "வேதனை உண்டோ, அச்சா?" என்றாள். அப்பா அவளையே பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார். அவள் அவர் கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையை நீவிவிட்டாள். ரெஜிஸ்ட்ரார் குனிந்து அவர் தோளைத் தொட்டார். நூலகப் பிரிவிலிருந்து வந்த அம்ருதா என்ற பெண் பின்வரிசையில் நின்று விம்மி அழுதாள். படம் எடுத்தார்கள். யாரும் திரும்பி முதுகைக் காட்டாமல், பின்னோக்கியே நடந்து வெளியேறினார்கள்.

தெரு ஓய்ந்த பிறகு சீனியம்மாள் போன் செய்தாள். "பூ வச்சாச்சு, தாயி. தேதியும் குறிச்சாச்சு. அவுக கிளம்புனதும் இவுக மாத்திரை போட்டுத் தூங்கிட்டாக. நீங்க எங்க போயிட்டீக?"

விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். சங்கிலிப்பாண்டி, அமுதவள்ளி, வீரலட்சுமி, பஸ். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்ல காரியம்," என்றார் கடைசியில்.

"எழுந்திருங்கோ, சாயா போடறேன்."

அவர் எழவில்லை.

"அந்தக் குட்டி எதுக்கு அழுதா?"

"அவளுக்கு விஷயம் தெரியாதே அப்பா."

"நர்ஸுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டா அப்படி நாடி பாத்தா?"

"அது அவளுக்குப் பழக்கம்."

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் டிவி ஓடவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். ஊர்வலத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

"போன மாசம் உங்கிட்டச் சொல்லி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேனே. ரிசல்ட்டைக் கேக்க நீ மாத்திரம்தான் போனே."

"ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னார். அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னே." உத்தரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தத் தெருக்காரா கேட்டா சர்க்கரைன்னு நீயும்தானே சொல்லியிருப்பே?" என்றார்.

"ஆமாம். அது வேற, அப்பா."

"நீ பொய் சொன்னா மொகத்துல ஒண்ணுமே தெரியறதில்லை. இத்தனை நாள் நான் கவனிச்சதில்லை. இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அப்பா, சத்தியமா ஒண்ணுமில்லை. நாளைக்கே வேற டாக்டரைப் பாக்கலாம். உங்க முன்னாடியே கேக்கறேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கேட்டது. வாரந்தோறும் வீடு வீடாக, படுத்திருப்பவர்களிடம் மனைவிகளும் மக்களும் சொல்லும் பேச்சு அது. இதே அவசரம், இதே சத்தியம். வேறு எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்தாள். வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கும்வரை யோசித்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு கையை நீட்டி அவள் தலையைத் தடவினார்.

"செரி, இனி கேக்கலை. நீ தனியா இதை வெச்சுண்டு அலைய வேண்டாம், கொழந்தே. எனக்குப் பயமொண்ணும் இல்லை."