காபி டின்னில் இரண்டு வகைத் தோட்டா

"நீ சும்மா இரு ஆர்லிஸ். செம்புக் குண்டுன்னா மானுக்கு ஊசி போட்ட மாதிரி. இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். மான் அது பாட்டுக்கு ஓடிப்போய் ஏதாவது சகதியில கிடந்து சாகும். ஓநாய்க்குத்தான் விருந்து."

"உன் ஈயத்த மட்டும் என்ன, தொட்டுக்க வச்சு சாப்பிடுறதா? ஜோலினுக்கு இப்ப வயித்துல ஏழு மாசம். டாக்டர் ஈயம் பட்ட கறி வேண்டாம்னு சொல்லியிருக்காரு. எங்கண்ணன் அவன் பொண்ணுக்காக ஏதோ பண்றான். உனக்கென்ன எரியுது?"

"எனக்கு எரியல. இருபத்திரண்டு வருஷமா இந்த வேட்டைக் கேம்ப்ல எல்லாரும் நான் செஞ்ச தோட்டாவத்தான் போடுறோம். ஒரு மான் தப்பிச்சிருக்கா, சொல்லு?"

வெளியே படியில் நின்று பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்த டெல்மருக்கு எல்லாம் காதில் விழுந்தது. தங்கையும் அவள் புருஷன் ரோலியும் தன்னை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை காலை ஓங்கித் தட்டினார். உள்ளே பேச்சு நின்றது. கதவைத் திறந்து போனபோது ஆர்லிஸ் அடுப்பில் பீன்ஸ் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ரோலி பழைய செய்தித்தாளைப் படிப்பதுபோல் வைத்திருந்தார்.

டெல்மர் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை வாசல் அலமாரியில் இருந்த காபி டின்னில் கொட்டிவிட்டு, துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். தோட்டா போட்ட துப்பாக்கி வாசல் அலமாரியைத் தாண்டி வரக்கூடாது என்பது கேம்ப்பின் சட்டம். மூன்று பேரின் துப்பாக்கியும் ஒரே அளவு என்பதால் டின்னும் ஒன்றுதான். வருகிறவர் கொட்டுவார், போகிறவர் அள்ளிக்கொள்வார்.

அன்று சனிக்கிழமை. ஒன்பது நாள் சீசனில் மிச்சம் ஒரே நாள். ஆர்லிஸ் முதல் நாளே தன் மானை அடித்துவிட்டாள். ரோலி ஒரு ஆண்மானை அடித்துவிட்டு, பெண்மான் ஒன்றும் அடிக்க அனுமதிக்கிற சீட்டைக் கையில் வைத்திருந்தார். டெல்மருக்கு எட்டு நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற வருஷமாக இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலை, வீட்டில் ஒற்றை ஆள், எப்படியோ ஓடிவிடும். ஆனால் ஜோலினும் அவள் புருஷனும் குளிர்காலம் முழுக்க மான்கறியை நம்பித்தான் இருக்கிறார்கள். ஈயக் குண்டு உள்ளே போய் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கறியில் பரவும் என்று படித்ததிலிருந்து அவள் போன வருஷத்துக் கறியைத் தொடுவதில்லை. இந்த வருஷம் அப்பா செம்பில் அடித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறேன் என்றாள். "நீ சொன்னா நான் நம்புவேன்பா" என்றும் சொல்லியிருந்தாள்.

அதற்காக டெல்மர் அக்டோபரிலேயே செம்புத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, சரளைக் குழியில் போய் முப்பது தடவை சுட்டுப் பார்த்து, துப்பாக்கியின் தொலைநோக்கியை அதற்கேற்பத் திருத்தி வைத்திருந்தார். வாரம் முழுக்கச் செம்பைச் சட்டைப் பையிலேயே தனியாக வைத்திருந்தார். அன்று மட்டும் உள்ளே கேட்ட சண்டை நினைப்பில், பழைய பழக்கப்படி எல்லாவற்றையும் டின்னில் கொட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் தங்கையை எழுப்பக்கூடாது என்று விளக்குப் போடாமல் புறப்பட்டார். சட்டைப் பை காலியாக இருந்தது. சரி, நேற்று கொட்டியது டின்னில் மேலாகத்தானே கிடக்கும் என்று தடித்த கையுறையோடு ஐந்து தோட்டாவை அள்ளிக்கொண்டு போனார். மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்து, பனி வெளிச்சத்தில் குண்டு நுனியைப் பார்க்காமலே துப்பாக்கிக்குள் தள்ளினார்.

எட்டு மணி வாக்கில் ஆல்டர் புதரோரம் ஒரு பெண்மான் வந்தது. எழுபது கஜம் இருக்கும். பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைத்தார். அங்கேதான் நுரையீரல். கறி சேதமாகாது, மானும் தப்பாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தினார். மான் நாற்பது அடிகூட ஓடவில்லை. பனியில் இரத்தம் குழாயைத் திறந்துவிட்டதுபோல் கிடந்தது, நுரையோடு. டெல்மருக்கு அப்போது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து தன் பெண்மான் சீட்டை எழுதி மானில் கட்டினார். ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான்.

கேம்ப்பில் கட்டையில் தொங்கவிட்டுத் தோல் உரிக்கும்போது டெல்மரின் வாய் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை, ஊசி எப்படி வேலை செஞ்சிருக்கு பார்த்தீங்களா, ஓநாய்க்கு விருந்து வைக்கணும்னா இனிமே கடையிலதான் வாங்கணும் என்று ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. ரோலி கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். மறுபக்கத்துத் தோலை இழுத்தபோது தோலுக்கும் முன்னங்கால் சப்பைக்கும் நடுவில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பனியில் தேய்த்தார். காளான்போல் விரிந்த குண்டு. வெளியே மெல்லிய செம்பு உறை, உள்ளே சாம்பல் நிறம். நகத்தால் கீறினார். கோடு விழுந்தது. ஈயமேதான்.

முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், இது என்னோடது."

ஆர்லிஸ் ஓடிவந்து பார்த்தாள். டெல்மர் போய்த் துப்பாக்கியிலிருந்து இறக்கி வைத்த நான்கு தோட்டாவையும் கொண்டுவந்து மேசையில் நிறுத்தினார். இரண்டின் நுனியில் நீலப் பிளாஸ்டிக், அது செம்பு. இரண்டின் நுனி மொட்டையாகச் சாம்பலாக இருந்தது. அடியைத் திருப்பினால் சிவப்பு வட்டம். ஈரம் உள்ளே போகாமலிருக்க ரோலி தான் செய்யும் தோட்டாவின் அடியில் ஆர்லிஸின் நெயில் பாலிஷைத் தடவுவார்.

ரோலியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தான் ஜெயித்ததன் அர்த்தம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு ரோலிதான் வழி சொன்னார். குண்டு போன இடத்தைச் சுற்றி ஒரு முழம் தாராளமாக வெட்டி எறிந்துவிடலாம், பின்தொடைக்கு ஈயம் எங்கே போகப்போகிறது, நாமெல்லாம் சின்ன வயசிலிருந்து இதைத் தின்றுதானே வளர்ந்தோம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஜோலினுக்கு எப்படித் தெரியப்போகுது மச்சான்?" என்றார்.

டெல்மர் மானைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்தொடை நல்ல சிவப்பாக, கொழுப்பு மூடி, சுத்தமாக இருந்தது. ரோலி சொன்னது பாதிக்குமேல் உண்மையாகவும் இருக்கலாம். ஜோலின் கேட்கப்போவது ஒரே கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃப்ரீஸர் நிறைந்துவிடும்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

ஆர்லிஸ் புருஷன் பக்கம் திரும்பினாள். ரோலியின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பெண்மான் சீட்டை மட்டும் பார்த்தாள். ரோலி இரண்டு நிமிஷம் முனகினார். பிறகு நீல நுனித் தோட்டா இரண்டையும் மேசையிலிருந்து எடுத்தார்.

அவருடைய துப்பாக்கி ஈயத்துக்குத் திருத்தியது. அதனால் டெல்மரின் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டார். மச்சான் துப்பாக்கி, மச்சான் தோட்டா, சீட்டும் மூட்டுவலியும் மட்டும்தான் என்னுடையது என்று வழியெல்லாம் புலம்பினார். டெல்மர் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"மாப்ள, வழக்கம்போல பின்னால வைக்காதீங்க. சப்பை எலும்புக்கு நேரா வைங்க. எலும்புல பட்டா செம்பு நல்லா விரியும், மான் நின்ன இடத்துல விழும்."

"சப்பைக் கறி போயிடுமே."

"போகட்டும்."

ரோலி பரணில் ஏறினார். டெல்மர் வெறுங்கையோடு அறுபது அடி பின்னால் ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்தார். இரண்டு மணியானது, மூன்றானது. மூன்றேமுக்காலுக்கு இரண்டு மான்கள் வந்தன. சீசன் முடிய முக்கால் மணி நேரம்கூட இல்லை. பெரிய பெண்மான் பரணைப் பார்த்து நேராக நின்றது. சுட்டால் நெஞ்சில் பட்டு, வயிற்றைக் கிழித்துப் போகும். ரோலி சுடவில்லை. மான் நகர்ந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போனது. அப்போதும் சுடவில்லை. டெல்மருக்கு ஒருவேளை வேண்டுமென்றே விடுகிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோனது. மான் மரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பிய மறு விநாடி வெடித்தது.

மான் வாலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிப்போனது.

ரோலி இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மான் நின்ற இடத்தில் நாலைந்து முடி மட்டும் கிடந்தது, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ரோலி தன் சட்டையின் பின்பக்கத்தை வெளியே இழுத்துவிட்டார். குறி தவறினால் சட்டையின் பின்நுனியை வெட்டிச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது இந்தக் கேம்ப்பின் வழக்கம். ரோலியின் துண்டு ஒன்றுகூட அந்தச் சுவரில் கிடையாது.

உடனே தேடப்போக வேண்டாம், அடிபட்ட மான் அரைமணி நேரம் எங்காவது படுக்கட்டும், இப்போதே துரத்தினால் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று டெல்மர் அவரை உட்காரவைத்தார். பிளாஸ்கில் இருந்த காபியை இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"எங்க வச்சீங்க?"

ரோலி காபி மூடியைத் திருப்பிக் கொடுத்தார். "பின்னாலதான்" என்றார். "சப்பைலதான் வைக்கணும்னு மனசு சொல்லுது மச்சான். கை கேக்கல."

பிறகு குளம்புத் தடத்தைப் பிடித்துப் போனார்கள். முப்பத்தைந்தாவது அடியில் பட்டாணி அளவில் முதல் சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இரண்டு பக்கமும் தெளித்திருந்தது. நூற்றிருபது அடியில், விழுந்து கிடந்த பிர்ச் மரத்தடியில், கண் திறந்தபடி படுத்திருந்தது. உயிர் போய் நேரமாகியிருந்தது.

கட்டையில் தொங்கவிட்டபோது பார்த்தால் இரண்டு நுரையீரலும் துளைபட்டிருந்தன, இரண்டு சப்பையும் முழுசாக இருந்தன. விலாவில் இரத்தம் கட்டியது உள்ளங்கை அளவுகூட இல்லை. ரோலி அந்தத் துளையில் சுண்டுவிரலை விட்டு விட்டுப் பார்த்தார்.

"ஓடத்தான் செஞ்சுது" என்றார்.

"விழுந்துச்சுல்ல" என்றாள் ஆர்லிஸ்.

டெல்மர் ஜோலினைப் போனில் கூப்பிட்டு டின்னில் கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாவத மட்டும் கொண்டு வாப்பா. மொதல்ல அடிச்சத நீயே வச்சுக்கோ" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. போனை வைக்கும் முன் மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

ஆர்லிஸ் இன்னொரு காபி டின்னைக் கழுவி, மிச்சமிருந்த நெயில் பாலிஷால் பட்டையாக ஒரு கோடு போட்டு, அலமாரியின் மறுகோடியில் வைத்தாள். சிவப்பு டின் ஈயம், வெறும் டின் செம்பு.

விவகாரம் அதோடு முடியவில்லை. ரோலி கத்தரிக்கோலோடு வந்து நின்றார். தப்பான தோட்டா போட்டவனும் குறி தவறியவன்தான், சட்டையை இழு என்றார். நான் குறி தவறவில்லை, வைத்த இடத்தில் பட்டது, மான் விழுந்தது, அதோ தொங்குகிறது என்றார் டெல்மர். சப்பையில் வை என்று சொல்லியும் பின்னால் வைத்தவனுக்கு என்ன தண்டனை என்று திருப்பிக் கேட்டார். ஆர்லிஸ் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டாள். சட்டை இன்னும் வெட்டுப்படாமல்தான் இருக்கிறது.

உங்கள் கேம்ப்பாக இருந்தால் யாருடைய சட்டையை வெட்டுவீர்கள்? அதைவிட முக்கியமாக, ஒரே வீட்டில் ஈயமும் செம்பும் இருந்தால் கலக்காமல் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? கீழே பதில் எழுதுங்கள்.