மிதக்கும் மலை

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பூரணி கொழுந்து பறிக்கும்போது மலை மெல்ல மிதக்கத் தொடங்கும். தேயிலைச் செடிகளின் பச்சை தண்ணீர்போல அசையும். பக்கத்து நிரையில் பேசுகிறவர்களின் குரல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அவளுக்குப் பயமாக இருக்காது. கையை நிறுத்தினால் மலை தன் இடத்துக்கு வந்துவிடும்.

கலியாணமான புதிதில் புருஷன் அழகுமுத்துவிடம் இதைச் சொன்னாள்.

"பசி மயக்கம் புள்ள" என்று அவன் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் முனி பிடித்திருக்கிறது என்றார்கள். வேப்பிலை அடித்த பிறகும் மலை மிதந்தது.

1963இல், மழை விட்டுக் கொழுந்து பொங்கிய நாட்களில், இரண்டு கையும் ஓயாமல் பறித்தவள் கூடையோடு சரிவில் உருண்டாள். தோட்டத்து டாக்டரையா அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துப் பார்த்தார். இடது கையில் நாடி தட்டுப்படவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்.

அங்கே இரத்தக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். பெரிய டாக்டர் சிங்களத்தில் சொன்னதை, ஹட்டன்காரியான நேர்ஸ் சிசிலி தமிழில் சொன்னாள்.

"உங்க இடது கைக்கு நெஞ்சிலேர்ந்து வரவேண்டிய ரத்தக்குழா பொறவியிலேயே ஒட்டல. அந்தக் கை, மூளைக்குப் போற ரத்தத்த கழுத்து வழியா இழுத்துக்குது. வேகமா வேல செஞ்சா மூளைக்குப் பத்தாமப் போயிருது."

"அப்ப முனி இல்லீங்களா?"

"இல்லீங்க."

பூரணி அழுதாள். தன் உடம்புக்குள் வேறு யாரும் இல்லை!

அறுத்துச் சரிசெய்வது ஆபத்து, இடது கைக்குக் கடும் வேலை கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். ரயில் மலையேறியது. யன்னலில் மேகம் உரசிக்கொண்டு போனது. அந்த மிதப்பை இனி விட்டுவிட வேண்டும் என்பது, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு வருத்தமாக இருந்தது.

மறுநாள் இருவரும் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போனார்கள்.

"ஒத்தக் கையால பறிச்சா எடை தேறாதுங்க ஐயா. இவள புள்ளக்காம்பராவுல புள்ளைங்கள பாத்துக்கப் போடுங்க" என்றான் அழகுமுத்து.

"ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

பூரணி அவர் முன்னால் இடது கையை நீட்டி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, வேகமாகச் செய்தாள். கண்டாக்கையாவின் முகம் கலங்கித் தூரமானது. அவள் சிரித்தபடியே சரிந்தாள். அழகுமுத்து தாங்கிக்கொண்டான்.

"போதும், போதும்! நிப்பாட்டச் சொல்லு!" என்று கண்டாக்கையா பதறி எழுந்தார்.

திங்கட்கிழமை பூரணி பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். வேலாயி என்பவள் தன் கைக்குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஓடினாள். பால் வாசனை அடித்த அந்தப் பிள்ளை சற்று அழுதுவிட்டு, அவள் வலது தோளில் தூங்கிப்போனது.