மூன்று விரல் ஆழம்

சிக்ஸ்டன் வாயைத் திறந்தால் பொய். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். கேட்டால் பியோனி சங்கத்துக் கூட்டமாம். பூச்செடி வளர்க்கிறவர்கள் வாராவாரம் கூடிப் பேச அப்படி என்ன இருக்கிறது? அந்தச் சங்கத்தில் எல்வி என்று ஒரு விதவை இருந்தாள். எனக்கா தெரியாது? "அவளுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது, குன்வோர்" என்று சமையலறையில் நின்று சத்தியம் செய்தான். மறுநாளே நான் விவாகரத்துக்கு மனுப் போட்டேன்.

வீட்டை அவன் வைத்துக்கொண்டான். எனக்கு ரயிலடிப் பக்கம் கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு, ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு மண். சோபா, பீங்கான், படகு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம். சண்டை வந்தது ஒரே ஒரு செடிக்கு.

மஞ்சள் பியோனி. சாதாரணப் பியோனி எல்லார் வீட்டு வேலியோரமும் இருக்கிறது, ஒரு மழைக்கே தலை கவிழ்ந்து மண்ணில் புரளும். இது அதற்கும் மரப் பியோனிக்கும் பிறந்த கலப்பினம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூ, நடுவில் ரத்தச் சிவப்பு, எந்த மழைக்கும் அசையாது. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாங்கி வந்தான், ஆகவே என்னுடையது. குழி தோண்டியதும் களை பிடுங்கியதும் அவன் என்பதால் அவனுடையதாம். எப்படி இருக்கிறது நியாயம்!

"எனக்குப் பாதி வேணும்" என்றேன்.

"செப்டம்பர்ல வா. இப்பத் தோண்டினா செத்துடும்."

"சாக்குச் சொல்லாதே."

"செடிக்கு உன் அவசரம் தெரியாது, தாயே."

செப்டம்பரில் போனேன். தோண்டி எடுத்துப் புல்தரையில் போட்டான். கத்தி இறங்கவில்லை. இந்தக் கலப்பினத்துக்கு அடிக்கிழங்கு விறகுக்கட்டை மாதிரி இருக்கும், ரம்பம்தான் வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குள் ஏலக்காய் பன்னைப் பங்கு போடுகிற முறைதான் பேச்சு: ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். அவன் அறுத்தான். ஒரு துண்டு பெரியது, ஒன்று சின்னது.

"கோணலா அறுத்திருக்கே. வேணும்னே."

"கிழங்கு அப்படி இருக்கு, நான் என்ன பண்ண? நீ பெரிசை எடுத்துக்கோ. அதுலதான் முளைக்கண் நிறைய இருக்கு."

இவன் எனக்குப் பெரியதைக் கொடுக்கிறானாம்! உள்ளே அழுகல் இருக்கிறது என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சின்னதை எடுத்துப் பையில் போட்டேன்.

"உன் இஷ்டம்" என்றான். "நடும்போது முளைக்கண்ணுக்கு மேல மூணு விரல் மண்ணுதான் இருக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா பூக்கவே பூக்காது."

"எல்வி சொல்லிக் கொடுத்தாளா?"

"மூணு விரல்" என்று விரலைக் காட்டினான்.

பஸ்ஸில் வரும்போதே யோசித்து முடித்துவிட்டேன். மரப் பியோனியை ஆழமாகத்தான் நடுவார்கள், அது எனக்குத் தெரியும். இதன் உடம்பில் ஓடுவதும் அந்த ரத்தம்தானே? மேலாக நட்டுக் குளிரில் விறைத்துச் சாகட்டும் என்று நினைக்கிறான். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்! ஒரு சாண் ஆழத்தில் குழி போட்டு நட்டேன்.

முதல் ஜூனில் இலை வந்தது. சரி, இடம் மாற்றினால் பியோனி ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த ஜூனிலும் இலை. மாடி வீட்டு ரூனெ பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன குன்வோர், கீரை போட்டிருக்கியா?" என்றான். மூன்றாவது ஜூனிலும் இலைதான், பச்சைப்பசேலென்று, ஒரு மொட்டுக்கூட இல்லாமல். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழங்கில் ஏதோ மருந்தைத் தடவிக் கொடுத்திருக்கிறான், சந்தேகமே இல்லை.

நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள் கிளம்பிப் போனேன். எல்வி இப்போது அங்கேதான் குடியிருப்பாள், அவள் கண்ணெதிரிலேயே அவன் மானத்தை வாங்க வேண்டும். கேட்டைத் திறந்தால் அவனுடைய பாதி நிற்கிறது, இடுப்பு உயரத்துக்கு, மஞ்சள் மஞ்சளாக, எண்ண முடியாத அளவுக்கு. பக்கத்தில் மேஜை போட்டுச் சிக்ஸ்டன் உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒரே ஒரு காபிக் கோப்பை.

"எங்கே அவ?"

"எவ?"

"நடிக்காதே. எல்வி."

"எல்வி மால்மோவுல மக வீட்டுல இருக்கா. நாம பிரியறதுக்கு முன்னாடியே போயிட்டா. அப்பவே சொன்னேனே."

"உன் கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லு. செடியில என்னத்தைத் தடவிக் கொடுத்தே? மூணு வருஷமா ஒரு பூ இல்லை!"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எவ்வளவு ஆழத்துல நட்டே?"

"பேச்சை மாத்தாதே."

"குன்வோர். எவ்வளவு ஆழம்?"

"ஒரு சாண்."

சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு! காபி மடியில் கொட்டிவிட்டது. "மூணு விரல்னு விரலைக் காட்டிச் சொன்னேனேம்மா!"

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

"நம்ப மாட்டேன்னு தெரியும். நான் எதைச் சொன்னாலும் நேர்மாறாத்தான் செய்வே. அதான் உண்மையையே சொன்னேன். பொய் சொல்லியிருந்தா உன் வீட்டுலயும் பூத்திருக்கும்."

படுபாவி. "இப்பவே போய்த் தோண்டி மேல வைக்கிறேன், பாரு."

"செப்டம்பர் வரைக்கும் தொடாதே" என்றான். அவன் இப்போது சிரிக்கவில்லை. "இப்பத் தோண்டினா செத்துடும்."

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தேன். இலையோரம் மண்ணில் குத்தி, அதன் மேல் காலையும் வைத்தேன். அவன் சொல்கிறான் என்பதற்காக நான் நிறுத்துவதா? ஆனால் செத்துப்போனால்? மண்வெட்டியைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் வீசிவிட்டு, உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன். செப்டம்பரில் எடுத்து, என் மூன்று விரலையே வைத்து அளந்து நட்டேன்.

அடுத்த ஜூனில் இலை. அதற்கடுத்த ஜூனில் இரண்டு மொட்டு. ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒன்று விரிந்து நிற்கிறது, தட்டு அகலத்துக்கு, நடுவில் ரத்தச் சிவப்பாக.

"அட, கீரை பூத்துடுச்சு!" என்று மேலேயிருந்து ரூனெ கத்தினான்.

மூன்று விரல் உண்மை. பெரிய துண்டு உண்மை. செப்டம்பரும் உண்மை. அப்படியானால் அந்த வியாழக்கிழமைகள்? சமையலறையில் நின்று செய்த சத்தியம்?

கத்தரியை எடுத்து வந்து பூவைக் கழுத்தோடு வெட்டிக் குப்பையில் எறிந்தேன். இன்னொரு மொட்டு பக்கத்திலேயே நின்றது, மறுநாள் விரிந்துவிடும் போல. அதை வெட்டக் கை வரவில்லை. அடப்பாவி சிக்ஸ்டன், ஒரே ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?