கைவீச்சு

விசாரணைக்குக் கிளம்பும்போது மனைவி மாஸ்டரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அங்க போய்ப் பெருமை பீத்திக்காதீங்க." வேலையில் லீவு கிடைக்காததால் அவளால் கூட வர முடியவில்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளூரத் தைரியம்தான். சாட்சி சொல்லப் போகிறவன் அவளுடைய தம்பி. "நான் பார்த்துக்கறேன்க்கா" என்று முந்தின நாள் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மாஸ்டர் என்றால் ரொட்டி மாஸ்டர். ஒரு பெரிய பேக்கரியின் மாவு அறையில் வாலிபத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தவர். ஜன்னல் இல்லாத அறை அது. மூலையில் ஒரு ஃபேன் உண்டு; பறக்கிற மாவை வெளியே தள்ளாமல் அறைக்குள்ளேயே பத்திரமாகச் சுற்றவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவம், காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளை. முதலில் ஜலதோஷம் என்றார்கள், அப்புறம் வயசு என்றார்கள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்த பிறகுதான் ஒரு டாக்டர், "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. மாவுத் தூசியால் வந்த ஆஸ்துமா, இனி அந்த அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார்.

கம்பெனி அதை மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அப்படியானால் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டது. நஷ்டஈடு கேட்டதற்கு, பரம்பரை வியாதியாக இருக்கும் என்று பதில் வந்தது. அவருடைய அப்பா தள்ளாத வயதிலும் ஒரு சத்தம் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த நெஞ்சுக்கு இந்தப் பெயர். தீர்ப்பு சாதகமாக வந்தால் ஆயுசுக்கும் மருந்தும், பாதிச் சம்பளமும் கம்பெனி தலையில். வராவிட்டால், மனைவியின் சம்பளத்தில் இந்த மாதம் இன்ஹேலரா வாடகையா என்று மாதாமாதம் யோசிக்க வேண்டியதுதான்.

விசாரணை அறையில் ஏ.சி. குளிர் நெஞ்சைப் பிடித்தது. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் தொழிலாளர் துறை அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீலம்மா. மச்சினன் புதுச் சட்டையோடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாற்காலி தட்டுப்பாடு போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அவருக்கு வக்கீல் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டுமென்றால் நஷ்டஈடு முதலில் வர வேண்டும்.

"உங்க கையால செஞ்ச ரொட்டியைச் சாப்பிட்டுத்தான் சார் நான் வளர்ந்தேன்" என்று வக்கீலம்மா ஆரம்பித்தாள். மாஸ்டர் அங்கேயே உருகிவிட்டார். மனைவி சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ.

"மேஜையில ஒட்டாம இருக்க மாவு தூவுவீங்களே, அது எப்படின்னு சாருக்குக் காட்டுங்களேன்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிசைந்த மாவு மேஜையில் ஒட்டாமலிருக்க உலர்ந்த மாவைத் தூவுவார்கள். சல்லடையில் போட்டுத் தட்டித் தட்டித் தூவலாம். தூசி அதிகம் கிளம்பாது. அல்லது ஒரு கை அள்ளி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசலாம். மேஜை முழுக்க மாவு ஒரே சீராக விரியும், அறை முழுக்கப் புகையாகவும் நிற்கும். மாவு அறையில் சல்லடையைத் தொடுகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். "என்னடா, குழந்தைக்குப் பவுடர் போடறியா?" என்று ஓட்டியே கொன்றுவிடுவார்கள். அந்தக் கிண்டலை ஆரம்பித்து வைத்த புண்ணியவானே நம் மாஸ்டர்தான்.

எழுந்து நின்றார். வெறுங்கையில் இல்லாத மாவை அள்ளினார். தோள் இறங்கியது, மணிக்கட்டு சுழன்றது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதிகாரியே நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

"பிரமாதம் சார். கம்பெனியில சல்லடை கொடுத்திருந்தாங்களா?"

"கொடுத்தாங்கம்மா. அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு!"

அதிகாரி சிரித்தார். வக்கீலம்மாவும் சிரித்தாள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார், அது இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"அப்போ வீசச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை. சல்லடை இருந்தும் நீங்களாத்தான் வீசினீங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்படி இல்லம்மா. சல்லடையில தட்டிக்கிட்டு நின்னா வேலை எங்க ஓடும்? மேஜை காலியா நின்னா அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் வந்து கத்துவாரு. அவங்க கேக்கற கணக்குக்கு வீசினாத்தான் கட்டும். அது எல்லாருக்கும் தெரியும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அதிகாரி. "சரி, சாட்சி இருக்காரே. கேட்டுப்போம்."

மாஸ்டர் மூச்சு விட்டார். மச்சினனை அந்த வேலையில் சேர்த்ததே அவர்தான். எவன் எவன் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்த வேலை. அவன் மணிக்கட்டைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இப்போது அவர் இடத்தில் மாவு அறையைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான்.

"சல்லடையை வச்சுக்கிட்டு வேலையை நேரத்துக்கு முடிக்க முடியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

மச்சினன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முடியும்."

"நீங்க எப்படித் தூவறீங்க?"

"சல்லடையிலதான்."

"இவருக்கு யாராவது எடுத்துச் சொன்னாங்களா?"

"நானே பலதடவை சொல்லியிருக்கேன். மாமா கேக்க மாட்டாரு."

பச்சைப் பொய்யைக்கூட மாஸ்டர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த 'மாமா'வைத்தான் தாங்க முடியவில்லை. 'இவர்' என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாதி இந்த வேலையால வந்ததுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா பாதுகாப்பான வழி இருந்தும் நீங்களா வேற வழியில செஞ்சிருக்கீங்க. கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது." வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தத்தை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இறங்கினார். திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டது. வறட்டு இருமல், கடைசியில் மெல்லிய விசில். ஒரு கணம் தன் நெஞ்சுதானோ என்று நினைத்தார். இல்லை. கீழ்ப்படியில் மச்சினன் சுவரில் கையூன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நல்லா வேணும் என்று நினைத்தார். பிறகுதான் மீதியை யோசித்தார். நாளைக்கு இவனும் இதே மேஜைக்கு வருவான். சல்லடையில்தான் தூவினேன் என்று இன்றைக்குச் சொன்னதை அன்றைக்கு எடுத்துப் படிப்பார்கள்; அப்படியானால் தூசி ஏது, வியாதி ஏது என்று கேட்பார்கள். வீசினேன் என்று சொல்லக்கூட இவனுக்கு வாய் இருக்காது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

மாஸ்டர் தன் இன்ஹேலரை எடுத்து நீட்டினார். அவன் அதைக் குலுக்கினான், மூச்சை முழுக்க வெளியே விட்டான், வாயில் வைத்து அமுக்கி இழுத்து, அப்படியே பிடித்து வைத்துக்கொண்டான். புதிதாக எடுக்கிறவன் இவ்வளவு சுத்தமாக எடுக்க மாட்டான். வக்கீலம்மா வருகிறாளா என்று மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"எதைச் சொல்ல வேணாங்கற? மேல பேசினதையா, இங்க இருமினதையா?"

மச்சினன் புதுச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"ரெண்டையும்."